சாயப்பட்டறைத் துணிக்கணக்கும் ஆறாகப் பெருகிய வரிகளும்

திருப்பூரில் பல்லடம் சாலையை ஒட்டிய ஒரு பனியன் கம்பெனியின் துணிக்கணக்கு மென்பொருளைச் சில ஆண்டுகளாக நான் பராமரித்து வருகிறேன். மென்பொருள் என்றால் பெரிதாகத் தோன்றும். அலுவலக மூலையில் ஓடும் ஒரு கணினி, அதில் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அதன்மேல் நான் எழுதிய சில படிவங்கள், பத்துப் பன்னிரண்டு அறிக்கைகள், அவ்வளவுதான். நிட்டிங் முடிந்த கிரே துணி, அதாவது சாயமேறாத துணி, டிசி (டெலிவரி சலான்) போட்டுச் சாயப்பட்டறைக்குப் போகிறது. சாயமேறிய துணி சில நாள் கழித்து, பெரும்பாலும் ஒரே தடவையில் அல்லாமல் பகுதி பகுதியாக, பட்டறைக்காரரின் டிசியோடு திரும்பி வருகிறது. போனதில் வந்ததைக் கழித்தால் பட்டறையில் நிற்கும் துணி தெரிந்துவிடும். இந்த ஒரு கழித்தலை வினவலாக, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியாக, எழுதுவதற்குள் நான் செய்த பிழைகளையும் அவற்றைத் திருத்திய விதத்தையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

அறிக்கைக்கு அவசரம் வந்தது ஆடிட்டரால். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியாரிடம் கூலிக்குச் செய்து வாங்கும் வேலைக்கு, அனுப்பிய மூலப்பொருள், ஆணையர் நீட்டிப்புக் கொடுத்தாலொழிய, ஓராண்டுக்குள் திரும்பி வந்தாக வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவு. வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே அதை விற்றுவிட்டதாகக் கருதி வரி கணக்கிடப்படும். ஆகவே எந்த லாட் (ஒரே எண்ணில் கணக்கு வைக்கும் துணித் தொகுதி) எத்தனை நாளாக வெளியே நிற்கிறது என்பதை அவர் கிலோக் கணக்கில் கேட்டார். ஒரு மாலைக்குள் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஆனது.

தரவுத்தளத்தில் இதற்கு வேண்டிய அட்டவணைகள் மூன்று. முதலாவது பார்ட்டி, அதாவது பட்டறைக்காரர்களின் பட்டியல். இரண்டாவது அனுப்புகை, ஒவ்வொரு டிசியின் ஒவ்வொரு வரிக்கும் லாட் எண், தேதி, எடை இருக்கும். மூன்றாவது வரவு, அதிலும் லாட் எண், தேதி, எடை. அனுப்புகையையும் வரவையும் லாட் எண்ணால் இணைத்து, லாட் வாரியாகக் கூட்டி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தேன். ஐந்து லாட்டுகளை எடுத்துக் கையால் சரிபார்த்தபோது ஐந்தும் சரியாக இருந்தன. அறிக்கையை அச்சிட்டு மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை கணக்குப் பார்க்கும் அண்ணன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முப்பது ஆண்டுக்கு மேலாக நீளவாக்கு நோட்டில் துணிக்கணக்கு எழுதி வருபவர். "தம்பி, இந்த லாட்டுல நாம குடுத்தது ஐநூறு கிலோங்க. பட்டறைக்காரரு தொள்ளாயிரத்துப் பத்து கிலோ அதிகமாத் திருப்பிக் குடுத்திருக்காருன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுதுங்க. துணி என்ன குட்டி போடுதுங்களா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

துணி குட்டி போடவில்லை. வரிகள்தான் குட்டி போட்டிருந்தன. 214ஆம் லாட்டை எடுத்துக் காட்டுகிறேன். அது 400 கிலோ, 350 கிலோ என இரண்டு டிசியில் போயிருக்கிறது. 300, 230, 170 கிலோ என மூன்று தடவையாகத் திரும்பி வந்திருக்கிறது. லாட் எண் பொருந்தினால் இணை என்று நான் சொன்னதும், தரவுத்தளம் அனுப்புகையின் ஒவ்வொரு வரியையும் வரவின் ஒவ்வொரு வரியோடும் சேர்த்து இப்படிக் கொடுத்தது:

400 – 300
400 – 230
400 – 170
350 – 300
350 – 230
350 – 170

இடப்பக்கத்தைக் கூட்டினால் 2,250, வலப்பக்கத்தைக் கூட்டினால் 1,400, நிலுவை 850 கிலோ. உண்மையில் போனது 750, வந்தது 700, மீதி 50 கிலோ மட்டுமே. அந்த ஐம்பதும் பட்டறையில் நிற்பதல்ல; சாயத்திலும், துணியைச் சுருக்கி இறுக்கும் காம்பாக்டிங்கிலும் வழக்கமாக விழும் கழிவு. தரவுத்தளத்தின்மேல் குற்றம் சொல்ல வழியில்லை, ஏனென்றால் பொருந்தும் இணைகளை எல்லாம் கொடு என்றுதான் நான் கேட்டிருந்தேன், அது எல்லா இணைகளையும் கொடுத்துவிட்டது. முதல் டிசியில் போன துணிதான் முதல் வரவாக வந்தது என்ற செய்தி அந்த இரண்டு அட்டவணைகளில் எங்குமே இல்லாதபோது, அது வேறு எதைச் செய்ய முடியும்?

அண்ணன் சுட்டிக்காட்டிய லாட் இதற்கு நேர்மாறானது. 200, 200, 100 கிலோ என மூன்று டிசியில் போய், 470 கிலோவாக ஒரே தடவையில் திரும்பியது. அங்கே அனுப்புகை சரியாக 500 என்றே நின்றது. வரவு மும்மடங்காகி 1,410 ஆனது. அதனால்தான் கழித்தல் குறியோடு 910. அறிக்கையின் அடியில் இருந்த மொத்தத் தொகை ஏன் யாருக்கும் சந்தேகம் எழுப்பவில்லை என்பதும் இப்போது புரிந்தது: சில லாட்டுகளில் அனுப்புகை பெருகியது, சிலவற்றில் வரவு பெருகியது, இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு அடித்துக்கொண்டன. நான் சரிபார்த்த ஐந்து லாட்டுகளும் ஒரே டிசியில் போய் ஒரே டிசியில் வந்தவை. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்றுதான். பார்க்க எளிதாக இருந்த லாட்டுகளையே சரிபார்க்கத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

இந்த இடத்தில் பலரும் எடுக்கும் குறுக்குவழியை நானும் எடுத்துப் பார்த்தேன். கூட்டும்போது டிஸ்டிங்ட் என்று சேர்த்துவிட்டால் திரும்பத் திரும்ப வரும் எடை ஒரு தடவை மட்டும் எண்ணப்படும் அல்லவா? 214ஆம் லாட் உடனே சரியாகிவிட்டது. ஆனால் 200, 200, 100 கிலோ போன லாட்டில் இரண்டு 200களில் ஒன்று காணாமல் போய், போனது 300 கிலோ என்று வந்தது. இரண்டு வண்டியில் ஒரே எடை போவது எங்கள் தொழிலில் அன்றாட நிகழ்ச்சி. டிஸ்டிங்ட் மதிப்பைத்தான் பார்க்கும். அந்த மதிப்பு எந்த வரியிலிருந்து வந்தது என்று பார்க்காது. இணைப்பில் வரிகள் பெருகியதைக் கண்டு டிஸ்டிங்ட் போடுகிறவர் நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுகிறார் என்பது என் கருத்து. சில நாள் அதுவும் தாங்கும்.

சரியான வழி, கூட்டிய பிறகு இணைப்பது. அனுப்புகையைத் தனியாக லாட் வாரியாகக் கூட்டி, லாட்டுக்கு ஒரே வரி இருக்கும்படி செய்தேன். வரவையும் அப்படியே செய்தேன். இரண்டையும் வித் என்று தொடங்கும் துணை வினவல்களாக மேலே எழுதிக்கொண்டு, கீழே லாட் எண்ணால் இணைத்தேன். இப்போது இரு பக்கமும் லாட்டுக்கு ஒரு வரி மட்டுமே இருப்பதால் பெருகுவதற்கு இடமில்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். இணைப்பு எழுதும் முன், இந்த அட்டவணையில் ஒரு வரி என்றால் வெளியுலகில் எது என்று குறிப்பு வரியாக அதன்மேல் எழுதிவிடுவேன்: "ஒரு வரி, ஒரு டிசியின் ஒரு எடை", "ஒரு வரி, ஒரு லாட்". அந்த வாக்கியத்தை எழுத முடியாமல் தடுமாறினால் வினவலை எழுதுவதில்லை.

இணைப்புக்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பார்ப்பதும் அத்தோடு சேர்ந்துகொண்டது. அனுப்புகையில் லாட் எத்தனையோ, இறுதி விடையிலும் அத்தனை வரி இருக்க வேண்டும். இந்த எண்ணிக்கைதான் அடுத்த பிழையைக் காட்டிக்கொடுத்தது, ஆனால் இந்தத் தடவை வரிகள் பெருகவில்லை, குறைந்திருந்தன.

போனது இருந்து, வந்தது ஒன்றுமே இல்லாத லாட்டுகள் விடையில் இல்லை. சாதாரண இணைப்பு இரு பக்கமும் பொருந்தும் வரிகளை மட்டும் கொடுக்கும் என்பது பாடப்புத்தகத்தில் முதல் வாரமே படிப்பதுதான். ஆயினும், ஒரு கிலோகூடத் திரும்பாத லாட்டுகளைக் கண்டுபிடிக்கத்தானே ஆடிட்டர் அறிக்கையே கேட்டார். அவற்றை மட்டும் தேடிப் பிடித்து மறைத்தாற்போல ஆகிவிட்டது. லெஃப்ட் ஜாயினாக மாற்றினேன். அனுப்புகையின் எல்லா வரியும் நிற்கும், வரவு இல்லாத இடத்தில் நல் என்கிற வெற்று மதிப்பு வரும். அப்படியும் அந்த லாட்டுகள் வரவில்லை.

காரணம் வினவலின் அடியில் இருந்த வேர் (WHERE) நிபந்தனை, அதாவது வரிகளை வடிகட்டும் பகுதி. அறிக்கைத் தேதிக்குப் பிந்திய வரவுகள் கணக்கில் சேரக் கூடாது என்பதற்காக, கடைசி வரவுத் தேதி மார்ச் 31க்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தேன். வரவே இல்லாத லாட்டின் கடைசி வரவுத் தேதி நல். நல்லை எந்தத் தேதியோடு ஒப்பிட்டாலும் விடை உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல, தெரியாது என்பதே. வேர் நிபந்தனை உண்மை என்று வரும் வரிகளை மட்டும் உள்ளே விடும். ஆக, வாசலில் லெஃப்ட் ஜாயின் கூட்டி வந்தவர்களைப் பின்கட்டில் நின்ற வேர் வெளியே அனுப்பிவிட்டது. அந்த நிபந்தனையில் இன்னொரு பிழையும் ஒளிந்திருந்தது. பிப்ரவரியில் பாதியும் ஏப்ரலில் மீதியும் திரும்பிய லாட்டுக்குக் கடைசி வரவுத் தேதி ஏப்ரல் என்பதால், அந்த லாட் முழுவதுமே அறிக்கையிலிருந்து விழுந்தது. தேதி நிபந்தனையை வரவைக் கூட்டும் துணை வினவலுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்ததும் இரண்டும் ஒன்றாகத் தீர்ந்தன. கழித்தலிலும் நல் வந்தால் விடையும் நல் ஆகிவிடும் என்பதால், கோஅலெஸ் போட்டு வெற்றிடத்தைப் பூஜ்ஜியமாக்கினேன்.

சரிபார்ப்பதற்காக, வரவில் இல்லாத லாட்டுகளை மட்டும் தனியாக எடுக்க நாட் இன் (NOT IN, 'இந்தப் பட்டியலில் இல்லாதவை') கொண்டு ஒரு சிறு வினவல் எழுதினேன். விடை சுத்தமாகக் காலி. அதே நாளில் முதன்மை அறிக்கை 23 லாட்டுகளைக் காட்டியது. வரவு அட்டவணையில் மூன்று வரிகளுக்கு லாட் எண் நிரப்பப்படாமல் இருந்ததே காரணம். 300ஆம் லாட் இந்தப் பட்டியலில் இல்லையா என்று கேட்டால், பட்டியலில் ஒரு பெயர் தெரியாத ஆள் இருக்கும்வரை இல்லை என்று தரவுத்தளம் துணிந்து சொல்லாது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் கொண்டு எழுதியபோது 23 லாட்டுகளும் வந்தன. அதன்பிறகு இந்த வேலைக்கு நாட் இன் பக்கம் நான் போவதில்லை.

லாட் எண் இல்லாத அந்த மூன்று வரிகள், மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று நினைவூட்டின. வரவு இருக்கிறது, அனுப்புகை இல்லை என்ற நிலை இருக்கவே கூடாது; இருந்தால் அது எழுத்துப் பிழையாகத்தான் இருக்கும். இரு பக்கத்து வரிகளையும் விடாமல் வைக்கும் ஃபுல் அவுட்டர் ஜாயின் போட்டு, இடப்பக்கம் நல் மதிப்பு இருக்கும் வரிகளை எடுத்தேன். போஸ்ட்கிரெஸில் இது நேரடியாகக் கிடைக்கும். மைஎஸ்க்யூஎல் என்ற மற்றொரு தரவுத்தளத்தில் கிடையாது, அங்கே இரண்டு வெளி இணைப்புகளை யூனியனால் ஒட்ட வேண்டும். எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்திலும் 2022இல் வந்த 3.39 பதிப்பிலிருந்துதான் இது இருக்கிறது. கிடைத்த வரிகளில் சிலவற்றில் லாட் எண்ணின் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தது. சிலவற்றில் பூஜ்ஜியத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்து. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. அவற்றைத் திருத்தி, வரவின் லாட் எண் லாட் பட்டியலில் இருந்தே தீர வேண்டும் என்று அயல்திறவு ஒன்றையும் போட்டுவிட்டேன். முன்பே போட்டிருக்க வேண்டியது.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு என்றால், அதைவிடப் பெரிய கூத்து பார்ட்டி பெயரில் நடந்தது. அறிக்கையில் பட்டறையின் பெயர் வர வேண்டும். எனக்கு முன்பு இதைப் பார்த்தவர், பழைய எக்செல் கோப்புகளிலிருந்து ஏற்றும்போது அனுப்புகையில் பார்ட்டியின் பெயரையே எழுத்தாக வைத்துவிட்டுப் போயிருந்தார். நானும் பெயராலேயே இணைத்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் பட்டறையும் பனியன் கம்பெனியும் ஸ்ரீ என்று தொடங்குவது மிக இயல்பு. அப்படித் தொடங்கும் பெயர்களில் ஏறத்தாழப் பாதி பொருந்தவில்லை. திரையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாக ஒன்றே. நீளம் கேட்டால் அதுவும் ஒன்றே. கடைசியில் ஒவ்வோர் எழுத்தின் யூனிகோட் எண்ணையும் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: சில வரிகளில் ஸ்ரீ, ஸகரத்தில் தொடங்கியது, சில வரிகளில் ஶகரத்தில் தொடங்கியது. 0BB8, 0BB6 என்று இரண்டும் தனித்தனி எழுத்துகள். பின்னது யூனிகோடில் 2005இல் 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. ரகர ஈகாரத்தோடு கூடும்போது பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாக வரைந்துவிடுகின்றன. எந்த விசைப்பலகையில் தட்டினார்கள் என்பதைப் பொறுத்து ஏதோ ஒன்று உள்ளே போய்விடுகிறது.

இதே குடும்பத்தில் இன்னொரு சிக்கல் கொம்பும் காலும். கொ என்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். இவை இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்வதால், போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பில் வந்த நார்மலைஸ் சார்பு அவற்றை ஒன்றாக்கிவிடுகிறது. ஸ்ரீ அப்படித் தீராது, எழுத்தே வேறு என்பதால் மாற்றீடு செய்துதான் ஆக வேண்டும். ஔகாரக் குறியின் இடத்தில் கொம்பும் ளகரமும் தட்டப்பட்ட பெயர்களும் இருந்தன. கௌ என்பதும் கெள என்பதும் பார்வைக்கு மயக்கம் தந்தாலும் அவற்றைத் தானாகத் திருத்துவது ஆபத்து, ஏனென்றால் ளகரம் உண்மையிலேயே வர வேண்டிய சொற்களும் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையால் மாற்றினேன். தமிழில் தட்டச்சிட்ட பெயரை இணைப்புத் திறவாக வைக்கலாமா என்று யாராவது கேட்டால், இந்த ஒரு நாளின் கதையைச் சொல்வேன்.

பெயரை விட்டு ஜிஎஸ்டி எண்ணால் இணைக்கலாமே என்று முதலாளி கேட்டார். நல்ல யோசனைதான், 15 எழுத்து, தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும், தமிழ் எழுத்து மயக்கம் கிடையாது. ஆனால் ஒரே எண்ணில் இரண்டு இடத்தில் பட்டறை நடத்துகிற பார்ட்டி எங்களுக்கு உண்டு. துணி எந்தப் பட்டறையில் நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும். ஜிஎஸ்டி எண்ணால் இணைத்தால் பார்ட்டி பட்டியலில் இரண்டு வரி பொருந்தி, மறுபடியும் துணி குட்டி போடும். எனவே பட்டறை ஒன்றுக்கு ஓர் எண் என்று நாங்களே கொடுத்து, அனுப்புகையில் பெயரை எடுத்துவிட்டு அந்த எண்ணை வைத்தேன்.

அறிக்கை சரியானது, ஆனால் வர ஏழெட்டு நிமிடம் ஆனது. நிதியாண்டு மாறியபோது லாட் எண் வரிசையும் மாறியதால், சில வரவுகள் பழைய எண்ணில் பதிவாகியிருந்தன. அதைச் சமாளிக்க, புதிய எண் பொருந்தினாலோ அல்லது பழைய எண் பொருந்தினாலோ இணை என்று ஓர் ஆர் (OR, 'அல்லது') போட்டிருந்தேன். வினவல் ஓடும் வழியைக் காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கொடுத்துப் பார்த்தால் நெஸ்டட் லூப், அதாவது வரிக்கு வரி ஒப்பிடும் முறை, என்று வந்தது. இதைவிட வேகமான ஹேஷ் ஜாயின் முறைக்குச் சமக்குறி நிபந்தனை ஒன்றாவது தனியாக நிற்க வேண்டும். ஆர் இரண்டையும் கட்டிப்போட்டதால் அந்த வழி அடைபட்டு, இந்தப் பக்கத்து 18,000 வரியையும் அந்தப் பக்கத்து 26,000 வரியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டிருக்கிறது. 46 கோடியே 80 லட்சம் ஒப்பீடுகள். பழைய எண்களைப் புதியவற்றாக மாற்றும் ஒரு சிறு அட்டவணையை வைத்து வரவுகளை ஒரே தடவையில் திருத்தி, ஆரை எடுத்தேன். அடுத்த ஓட்டத்தில் ஹேஷ் ஜாயின் வந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை. அயல்திறவு போட்டால் அந்த நெடுவரிசைக்குத் தேடலை விரைவாக்கும் சுட்டும் (இண்டெக்ஸ்) தானாக வந்துவிடும் என்று மைஎஸ்க்யூஎல் பழக்கத்தில் நினைத்திருந்தேன். போஸ்ட்கிரெஸ் அதைத் தானாகப் போடாது என்பதால் கையால் போட்டேன்.

இடையில் சாயக்கூலி விலைப்பட்டியலையும் இணைத்தேன். அது தேதி வரம்பில் பொருந்தும் இணைப்பு. பழைய விலை ஏப்ரல் 1 வரை என்றும் புதிய விலை ஏப்ரல் 1 முதல் என்றும் பதிந்திருந்ததால், தேதி வரம்புக்கு நான் போட்ட பிட்வீன் (BETWEEN) இரு முனையையும் சேர்த்துக்கொள்ள, அந்த ஒரு நாள் டிசிகளுக்கு மட்டும் இரண்டு கூலி வந்தது. முடிவுத் தேதியைச் சேராத முனையாக்கினேன்.

திருத்திய தாளை அண்ணனிடம் கொடுத்தேன். அன்று மதியம் முழுக்க நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, லாட் லாட்டாக டிக் அடித்தார். இரண்டு லாட் மட்டும் நோட்டோடு ஒத்துவரவில்லை. ஒன்றில் பிழை நோட்டில் இருந்தது. அதை அவரே அடித்துத் திருத்தினார். மற்றொன்று பதினொரு மாதத்துக்கு முன் போன 38 கிலோ. நோட்டில் வந்துவிட்டதாக டிக் இருந்தது, வரவு டிசி மட்டும் கிடைக்கவில்லை. பட்டறைக்குப் போன் போட்டார். "ஏனுங்க, நம்ம துணி 38 கிலோ உங்ககிட்ட நிக்குதுங்களா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். மாலையில் பதில் வந்தது: நிறம் சரியில்லை என்று நாங்களே திருப்பி அனுப்பிய ரோல்கள், மறுசாயத்துக்காக அங்கேயே கிடக்கின்றன.

அந்தப் பதில் அடுத்த வேலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. மறுசாயத்துக்குப் போகும் துணியை இதுவரை அதே லாட்டில் புதிய அனுப்புகையாகவே பதிந்து வருகிறோம். 500 கிலோ போய் 470 வந்து, அதில் 100 மறுபடி போய் 98 வந்தால், நிலுவை 32 என்று சரியாகவே வரும். கழிவு விழுக்காடு மட்டும் 500க்குப் பதில் 600ஆல் வகுபட்டு, பட்டறைக்காரருக்குச் சாதகமாகக் குறைவாகத் தெரியும். அனுப்புகையில் மூல டிசி எண் என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, அட்டவணையை அதனோடேயே இணைத்து, முதல் அனுப்புகையையும் மறு அனுப்புகையையும் பிரிக்க வேண்டும். நெடுவரிசை சேர்த்தாகிவிட்டது. பழைய டிசிகளுக்கு அதை நிரப்ப நீளவாக்கு நோட்டைத்தான் பார்க்க வேண்டும். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் உட்காரலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.